குட்டிப் போட்டியில் என்னைக் கோர்த்துவிட்ட மச்சினனுக்கு

அன்புள்ள மச்சினனுக்கு,

'அன்புள்ள' என்பது கைப்பழக்கத்தில் வந்துவிட்டது. அடித்தால் காகிதம் அசிங்கமாகிவிடும் என்பதால் அப்படியே விட்டிருக்கிறேன். இங்கே நானும் உன் அக்காவும் சுகம். அதாவது உன் அக்கா சுகம். நான் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாமலும், எழுந்தால் உட்கார முடியாமலும் இருக்கிறேன். அங்கே உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாக இருக்கட்டும். நீ எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கடிதத்தின் முடிவில் யோசித்துச் சொல்கிறேன்.

போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பாய். பேசலாம். நான் வாயைத் திறந்ததும் "அத்தான், மொதல்ல மூச்சை இழுத்து விடுங்க" என்பாய், நான் இழுத்து விடுவதற்குள் வேறு பேச்சுக்குத் தாவியிருப்பாய். உன் அக்காவும் அப்படித்தான், உங்கள் குடும்பத்துக்கே அது கைவந்த கலை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். முப்பது வருஷம் லிஃப்ட் ஆய்வாளராக இருந்து, இந்த ஊரில் மேலே போய்க் கீழே வருகிற அத்தனை பெட்டிகளுக்கும் குறை எழுதிக் கொடுத்தவன் நான். உனக்குக் குறை எழுத எவ்வளவு நேரமாகிவிடும்? நிதானமாக, ஒன்றையும் விடாமல் எழுதுகிறேன். நீ நின்றுகொண்டே படி.

ஓய்வு பெற்ற பிறகு நான் யார் வம்புக்காவது போனேனா? வீட்டில்தானே இருந்தேன். வீட்டில் இருப்பதே வம்புதான் என்று உன் அக்கா சொல்கிறாள், அது வேறு விஷயம். மிக்ஸி சத்தம் சரியில்லை, ஃப்ரிட்ஜ் கதவு ஒரு நூல் சாய்ந்திருக்கிறது, எதிர்வீட்டுக்காரர் கேட் கீல் எந்த நேரத்திலும் கையோடு வந்துவிடும் என்று அவ்வப்போது எடுத்துச் சொன்னேன், எல்லாம் அவரவர் நன்மைக்காக. அதற்கு அவள் உனக்குப் போன் போட்டு அழுதாளாம். நீயும் மறுவாரமே வந்து இறங்கினாய், தோளில் பையும் கையில் ஒரு சைக்கிளுமாக. டிரையத்லான் என்று ஒன்று இருக்கிறது, நீச்சல் அடித்து, ஈரம் காய்வதற்குள் சைக்கிள் மிதித்து, அதிலிருந்து குதித்து ஓட வேண்டும், வருஷக் கடைசியில் அதில் நீளமான போட்டி ஒன்று வருகிறது, விடிந்ததும் தண்ணீரில் இறங்கினால் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கலாம் என்று ஏதோ சுற்றுலாவுக்குக் கூப்பிடுவது போலச் சொன்னாய். "உங்க பிடிவாதத்துக்கு இதுதான் அத்தான் சரியான எடம்" என்றாய். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன் பார், என்னைச் சொல்ல வேண்டும்.

பிறகு அந்தக் கைக்கடிகாரம். நீயே என் மணிக்கட்டில் கட்டிவிட்டு, நீயே அதற்குள் என்னென்னவோ அமைத்துவிட்டுப் போனாய். இதயத் துடிப்பு நூற்று முப்பதைத் தாண்டினால் 'கீச்' என்று கத்தும், உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவை 'கீச் கீச்' என்று இரண்டு முறை கத்தும், உடனே எதையாவது சாப்பிட வேண்டும். நீளப் போட்டிக்கு வேகம் எதற்கு, பொறுமை போதும் என்றாய். கேட்டேன். கட்டிய மனைவி சொல்லிக் கேட்காதவன், ஒரு கடிகாரம் சொல்லி நடந்தேன், நின்றேன், தின்றேன். "யார்கிட்டயும் சொல்லாதீங்க அத்தான், கண்ணு பட்டுடும்" என்றாய். அதையும் நம்பி, எதிர்வீட்டுக்காரர் கேட்டால்கூட ரொட்டி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஏரிக்கரைக்கு சைக்கிளை மிதித்தேன். அவர் இப்போது நாங்கள் மூன்று வேளையும் ரொட்டிதான் சாப்பிடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இனி சம்பந்தி விஷயம். உனக்குத் தெரியாததில்லை. தெரிந்துகொண்டே இப்படி ஒரு காரியம் செய்திருக்கிறாயே, அதனால் மறுபடி எழுதுகிறேன். என் மகளின் கல்யாணம் முடிந்து சம்பந்தி வீட்டில் விருந்து. ஆறாவது மாடி. அந்தக் கட்டடத்துச் சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான். குளியலறைச் சாமான் கடை வைத்திருப்பவருக்கு லிஃப்டைப் பற்றி என்ன தெரியும்? நான் ஏறினேன், நாலாவது மாடி தாண்டும்போது பிரேக் வழுக்கும் சத்தம் கேட்டது. எனக்கு மட்டும்தான் கேட்டதாம், அப்படி வைத்துக்கொள். இறங்கினேன், மின்சாரத்தைத் துண்டித்தேன், 'பயன்படுத்தக் கூடாது' என்று எழுதி ஒட்டிப் பூட்டிவிட்டேன். விருந்துக்கு வந்த அத்தனை பேரும் படியேறினார்கள். சம்பந்தியின் பெரியக்காவை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள், அந்த அம்மாள் ஒவ்வொரு மாடியிலும் என்னைப் பற்றி விசாரித்துக்கொண்டே வந்தாராம். கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது சம்பந்தி கேட்டார்: "இவர் பொண்ணைக் குடுக்க வந்தாரா, லிஃப்டைப் பூட்ட வந்தாரா?" எல்லோரும் சிரித்தார்கள். உன் அக்காவும் சிரித்தாள், நான் பார்த்தேன். "இனி நீங்களா கூப்பிடாம இந்த வீட்டு வாசப்படி ஏற மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, கை கழுவாமல் இறங்கி வந்தேன். அவர் கூப்பிடவில்லை. நான் ஏறவில்லை. இரண்டு வருஷமாகிறது.

இதில் என் மகள் என்ன பாவம் செய்தாள் என்று நீ கேட்கிறாய். போன மாதம்கூடக் கேட்டாய். நானும் தினம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். வாராவாரம் பழப் பையோடு போய் அவர்கள் கட்டடத்தின் கீழே, வண்டிகள் நிறுத்துமிடத்தில், தூணுக்குப் பக்கத்தில் நிற்பேன். அவள் இறங்கி வருவாள். மாப்பிள்ளையின் ஸ்கூட்டரில் அவள் உட்கார்ந்துகொள்வாள், நான் நின்றுகொண்டே பேசுவேன். வருகிற போகிற வண்டிக்கெல்லாம் ஒதுங்க வேண்டும். இப்போது அவளுக்கு எட்டு மாதம். கையைச் சுவரில் ஊன்றி இறங்கி வருகிறாள், ஸ்கூட்டரில் உட்கார முடிவதில்லை, அவளும் நிற்கிறாள். மேலே வாப்பா என்று ஒரு தடவைகூட அவள் வாய் திறந்து சொன்னதில்லை. சொன்னால் நான் மறுப்பேன் என்று அவளுக்குத் தெரியும். அவளும் என் மகள்தானே.

சரி, போட்டிக்கு வருகிறேன். நீளப் போட்டிக்கு ஆறு வாரம் இருக்கும்போது, நடுவில் ஒரு குட்டிப் போட்டி இருக்கிறது, பயிற்சிக்காகப் போய் வாருங்கள் என்றாய். ஏரியில் கொஞ்சம் நீச்சல், கொஞ்சம் சைக்கிள், கொஞ்சம் ஓட்டம், சுறுசுறுப்பானவர்கள் காலைப் பலகாரத்துக்கு வீடு திரும்பிவிடுவார்களாம். அதற்கு முன்னால் இரண்டு நாள் ஓய்வெடுக்கட்டுமா என்று கேட்டேன். கூடவே கூடாது என்றாய். "இது பரீட்சை இல்ல அத்தான், பயிற்சிதான். வழக்கமான வாரம் அப்படியே நடக்கட்டும்." வழக்கமான வாரம் என்றால் சனிக்கிழமை நாலு மணி நேரம் சைக்கிள். மிதித்தேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை எழுந்தபோது என் கால்கள் என்னோடு எழவில்லை. அவற்றைக் கையால் எடுத்துக் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். உன் அக்கா போர்வைக்குள்ளிருந்து, ஜாக்கிரதை என்றாள். அவள் குரலில் தூக்கமே இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஏரிக்கரையில் சைக்கிள்களை வரிசை வரிசையாகக் கம்பிகளில் மாட்டி வைத்திருந்தார்கள். ஒரே வயதுக்காரர்களுக்கு ஒரே கம்பி. எங்கள் வயதில் மொத்தமே இரண்டு பேர்தான். என் இடத்தைத் தேடிப் போய் சைக்கிளை மாட்டிவிட்டு நிமிர்கிறேன், பக்கத்தில் உடம்போடு ஒட்டிய கறுப்பு உடையில், தொப்பையை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு, தலையில் ஆரஞ்சு நீச்சல் தொப்பியோடு ஒரு ஆசாமி. சம்பந்தி! அவரும் என்னைப் பார்த்தார். பார்த்த அதிர்ச்சியில் தொப்பையை விட்டுவிட்டார். நானும் அதே உடையில், அதே தொப்பியில் இருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு வருஷமாக எதிரே வந்தால் தெருவைக் கடக்கிற மனுஷர்கள், உள்ளாடைக்கு ஒரு படி மேலான உடையில், தோளோடு தோள் நிற்கிறோம். என் மானம் அங்கேயே தண்ணீரில் இறங்கிவிட்டது, நான் இறங்கத்தான் கொஞ்ச நேரமானது.

சங்கு ஊதியதும் இளவட்டங்கள் எல்லாம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் நீ சொன்ன மாதிரி நிதானமாகக் கையை வீசினேன். பக்கத்தில் யாரோ அதே நிதானத்தில் வீசுகிறார்கள். நான் மூச்சுக்கு இடது பக்கம் திரும்பும்போது அவர் வலது பக்கம் திரும்புகிறார், முகத்துக்கு முகம். யாரென்று சொல்ல வேண்டுமா? முந்திவிடலாம் என்று நாலு வீச்சு வேகமாகப் போட்டேன், கீச் என்றது கடிகாரம். குறைத்தேன். பின்தங்கிவிடலாம் என்று பார்த்தால் அவரும் அதே நேரத்தில் குறைக்கிறார். ஏரி முழுக்க இடம் கிடக்கிறது, அந்த மனுஷர் என் அக்குளுக்குள் நீந்துகிறார்.

கரையேறினால், மற்றவர்கள் ஈரக் காலோடு ஷூவில் நுழைந்து சைக்கிளை உருவிக்கொண்டு பறக்கிறார்கள். உன் சிஷ்யன் என்ன செய்தேன்? நீளப் போட்டிக்கு நீ கற்றுக்கொடுத்தபடி துண்டை விரித்து, சம்மணமிட்டு உட்கார்ந்து, விரல் இடுக்கெல்லாம் துடைத்து, பவுடர் போட்டு, காலுறையைச் சுருக்கம் இல்லாமல் இழுத்துவிட்டு, ஒரு வாழைப்பழத்தை உரித்தேன். பழத்தைக் கடித்துக்கொண்டே திரும்பினால், பக்கத்தில் சம்பந்தி துண்டில் சம்மணமிட்டு உட்கார்ந்து விரல் இடுக்கில் பவுடர் போட்டுக்கொண்டிருக்கிறார். வேலியோரம் நின்றவர்கள் எங்கள் இருவரையும் போட்டோ எடுத்தார்கள். அந்த நேரத்திலாவது என் மூளை வேலை செய்திருக்க வேண்டாமா? இந்த ஆள் என்னைப் பார்த்துக் காப்பியடிக்கிறார் என்றுதான் நினைத்தேன். கோபத்தில் பவுடர் டப்பாவை ஓசைப்பட மூடினேன். அவரும் மூடினார்.

சைக்கிளில்தான் உன் சாயம் வெளுக்க ஆரம்பித்தது. என் கடிகாரம் கத்துகிறது, நான் மெதுவாகிறேன். அவர் கடிகாரம் கத்துகிறது, அவர் மெதுவாகிறார். மேட்டில் இரண்டும் சேர்ந்து கத்துகின்றன. சமதரையில் கீச் கீச் என்று இரண்டு தடவை, நான் பையிலிருந்து பேரீச்சம்பழத்தை எடுத்தால் அவரும் பேரீச்சம்பழத்தை எடுக்கிறார். முறைத்தேன். முறைத்தார். இரண்டு பேரும் மென்றுகொண்டே முறைத்தோம். பின்னாலிருந்து மோட்டார் சைக்கிளில் நடுவர் வந்தார். ஒருவர் சைக்கிளை ஒட்டி இன்னொருவர் போகக் கூடாது, இணைந்து ஓட்டக் கூடாது என்பது போட்டி விதி. காற்றை ஒருவர் வாங்கிக்கொள்ள இன்னொருவர் சொகுசாக வந்துவிடுவாராம். "பக்கத்துல பக்கத்துல பேசிக்கிட்டே ஓட்டக் கூடாதுன்னு காலையிலயே சொன்னோமே சார்" என்றார் நடுவர். சம்பந்தி நேரே ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்: "நாங்க பேசி ரெண்டு வருஷம் ஆச்சு, சார்." நடுவருக்கு அது வாதமாகப் படவில்லை. இரண்டு பேருக்கும் அபராதம் எழுதினார்.

அபராதம் என்றால் என்ன தெரியுமா? தெரியும், உனக்கு எல்லாம் தெரியும். சாலையோரத்தில் ஒரு சின்னக் கூடாரம், அதற்குள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, அனுமதி வரும்வரை சும்மா நிற்க வேண்டும். முப்பது வருஷம் நான் அபராதம் போட்டிருக்கிறேன், ஒரு தடவைகூடக் கட்டியதில்லை. அந்த நாலடிக் கூடாரத்தில் நானும் சம்பந்தியும், நடுவில் இரண்டு சைக்கிள்கள். நேரம் பார்த்துக்கொண்டிருந்த பெண் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நாங்கள் அண்ணன் தம்பியா என்று கேட்டாள். இல்லை என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். அவள் நம்பவில்லை. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது, நின்ற இடத்தில், காலை அசைக்காமல் நின்றுகொண்டிருக்கும்போதே என் கடிகாரம் கீச் என்றது. ஒரு நொடி கழித்து அவருடையதும் கீச் என்றது. அப்போதுதான் அவர் மணிக்கட்டைப் பார்த்தேன். அதே கடிகாரம், அதே சத்தம், அதே நூற்று முப்பது. அவரும் என் மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருந்தாலும் பேசவில்லை. முதலில் யார் வாயைத் திறப்பது? சைக்கிளை மாட்டிவிட்டு ஓட ஆரம்பித்தோம். ஓட்டம் என்று நான் சொல்வது மரியாதைக்காக. பாதையில் எங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை, ஒரு சின்ன லாரியைத் தவிர. சாலையில் வைத்திருந்த ஆரஞ்சுக் கூம்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அதில் அடுக்கிக்கொண்டே வந்தார்கள். நாங்கள் தாண்டிய இடத்தில் போட்டியே கிடையாது, சாதாரண ரோடுதான். தண்ணீர் மேசையில் இருந்தவர்கள் எங்களுக்கு ஆளுக்கொரு தம்ளர் கொடுத்துவிட்டு மேசையை மடித்தார்கள். டிரைவர் தலையை வெளியே நீட்டி, அவசரமில்லை பெரியவரே, மெதுவாக வாருங்கள் என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார், எனக்குத்தான் அந்தப் 'பெரியவரே' பிடிக்கவில்லை. அதற்கு மேல் தாங்க முடியாமல் நானே கேட்டுவிட்டேன்.

"உங்களுக்கு இதெல்லாம் யார் சொல்லிக் குடுத்தது?"

"உங்க மச்சினன்தான்" என்றார் சம்பந்தி. "உங்களுக்கு?"

அடப்பாவி! ஒரே திட்டத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை எனக்கும் ஒன்றை அவருக்கும் கொடுத்திருக்கிறாய். சனிக்கிழமை நான் கிழக்கே நாலு மணி நேரம் மிதித்தபோது அவரை மேற்கே மிதிக்க விட்டிருக்கிறாய். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது, அதனால் சேர்ந்தாராம், அவரிடமும் கண் பட்டுவிடும் என்று சொல்லியிருக்கிறாய். அவர் வீட்டில் குளியலறைக் குழாய் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஏரிக்கு வருவாராம், கடையே சொந்தமாக வைத்திருக்கிறவர்! அடுத்த கொஞ்ச தூரம் நாங்கள் பேசியது முழுக்க உன்னைப் பற்றித்தான். அதை இங்கே எழுதினால் தபால்காரர் பையில் போட மாட்டார். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு விஷயத்தில் எங்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை.

அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. அன்றைக்கு நான் அப்படி எழுந்து போயிருக்க வேண்டாம் என்றார். நீங்கள் ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன் என்றேன். நான் வந்திருந்தால் கூப்பிட்டிருப்பாராம். வருவதற்குத்தானய்யா கூப்பிட வேண்டும் என்றேன். பெரியக்காவுக்கு இன்னும் இடுப்பு வலிக்கிறது என்றார். லிஃப்ட் அறுந்து விழுந்திருந்தால் இடுப்பே இருந்திருக்காது என்றேன். கடிகாரங்கள் இரண்டும் கத்தத் தொடங்கின. அவர் தன்னுடையதைக் கழற்றிப் பைக்குள் போட்டார், நானும் போட்டேன். அவர் வேகத்தைக் கூட்டினார். எனக்கென்ன பயமா, நானும் கூட்டினேன். அவர் ஓடினார், நான் ஓடினேன். மச்சினா, இத்தனை மாதத்தில் நீ என்னை ஒரு தடவைகூட வேகமாக ஓட விட்டதில்லை. கால் வலியெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு, கையை வீசி, ஒருவரை ஒருவர் முழங்கையால் தள்ளாத குறையாக ஓடினோம். லாரிக்காரர் ஹாரன் அடித்து உற்சாகப்படுத்தினார். பந்தலைக் கழற்ற ஆரம்பித்திருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். முடிவுக் கோட்டை யார் முதலில் தாண்டினோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. ஒலிபெருக்கிக்காரர் இரண்டு பேரும் கடைசி என்று அறிவித்துவிட்டார். நான் ஒரு சாண் முன்னால் இருந்தேன், இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

மூச்சு வாங்கக் குனிந்து நிமிர்ந்தால், கோட்டுக்கு அந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் என் மகள். பக்கத்தில் மாப்பிள்ளை குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். பின்னால் உன் அக்கா. எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது, எங்கள் இரண்டு பேரைத் தவிர. ஏற்பாடே என் மகளுடையதாம், நீ அவளுடைய தாய்மாமன் என்ற முறையில் கையாளாம். நானும் சம்பந்தியும் கழுத்தில் பதக்கத்தோடு, வாயில் நுரையோடு, அவள் முன்னால் போய் நின்றோம். கடைசிவரை சண்டை போட்டுக்கொண்டு ஓடி வந்ததை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். திட்டவில்லை. அழவும் இல்லை. நாற்காலிக் கையைப் பிடித்து மெல்ல எழுந்து, என்னைப் பார்த்து, அவரையும் பார்த்துச் சொன்னாள்:

"நான் இனிமே கீழ எறங்கி வர மாட்டேன்ப்பா. என்னால முடியல."

அவ்வளவுதான். மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு காருக்குப் போய்விட்டாள். சம்பந்தி என்னைப் பார்த்தார், நான் ஏரியைப் பார்த்தேன். அவர் ஒரு வழியாகவும் நான் ஒரு வழியாகவும் கிளம்பினோம். வீட்டுக்கு வந்ததும் உன் அக்காவிடம், உனக்கும் தெரியும்தானே, ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "சொல்லியிருந்தா போயிருப்பீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். இன்று பழப் பை வாங்கும் நாள். வாங்கவில்லை. வாங்கி யாரிடம் கொடுப்பது? எனக்கு நெஞ்சு கொதிக்கிறது மச்சினா. யார் மேல் கோபப்படுவதென்று தெரியவில்லை. மகள் மேல் முடியாது. சம்பந்தி மேல் பட்டுப் பட்டு அலுத்துவிட்டது. அதனால் உன் மேல் படுகிறேன், நீதான் தூரத்தில் இருக்கிறாய்.

ஆகவே என் முடிவுகளைக் கேட்டுக்கொள். நீளப் போட்டிக்கு நான் வரப்போவதில்லை, என் பெயரை எடுத்துவிடச் சொல்லி நீயே எழுதிப் போடு. உன் சைக்கிள், உன் கடிகாரம், அந்தக் கறுப்பு உடை மூன்றையும் மூட்டை கட்டி வைத்திருக்கிறேன், ஆள் அனுப்பி எடுத்துக்கொள். சம்பந்தியோடு இந்த ஜென்மத்தில் இனி பேச்சு கிடையாது. உன்னோடும் கிடையாது. என் காரியங்களில் மூக்கை நுழைக்காமல் உன் பிழைப்பைப் பார். நானும் பழையபடி எதிர்வீட்டு கேட் கீலைப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுகிறேன்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளும் நல்ல படிப்பும் உண்டாகட்டும், உன் புத்தி மட்டும் வராமல் இருக்கட்டும். உனக்கென்று ஆசிர்வாதம் கையிருப்பில் இல்லை.

இப்படிக்கு,
கொதிப்போடு,
உன் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டுக்கொண்டு தபால் பெட்டிக்குத்தான் கிளம்பினேன். தபால் பெட்டி அவர்கள் கட்டடத்துக்கு எதிரே இருப்பது என் குற்றமில்லை. வழியில் பழக்கடை இருப்பதும் என் குற்றமில்லை. கையில் பையோடு அந்தத் தூணருகே கொஞ்ச நேரம் நின்றேன். யாரும் வரவில்லை. வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாளே. அதற்கு மேல் அங்கே நிற்க என்னால் ஆகவில்லை. எப்படி ஆறு மாடி ஏறினேன் என்று கேட்காதே. கதவைத் திறந்தது சம்பந்திதான். பழப் பையைப் பார்த்துவிட்டு, "வாங்க" என்றார். இது கூப்பிட்டதாகுமா ஆகாதா என்று வாசலில் நின்று யோசித்தேன், கால் வலித்தது, உள்ளே போய்விட்டேன். நான் மன்னிப்புக் கேட்கவில்லை, அவரும் கேட்கவில்லை. உறை மேல் உன் பெயரைப் பார்த்ததும் வாங்கிப் பிரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார். உன்னைப் பற்றி ரொம்பவும் மென்மையாக எழுதியிருக்கிறேன் என்பது அவர் அபிப்பிராயம். கோட்டை ஒரு சாண் முன்னால் தாண்டியது தான்தான் என்று எழுதச் சொல்கிறார், எழுதமாட்டேன். என் பெயரை எடுக்க வேண்டாம், அவர் பெயரையும் எடுக்க வேண்டாம். இனிமேல் காலையில் ஏரிக்கு எத்தனை மணிக்கு என்று இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தடவையாகச் சொல்லிவிடு. அவர்கள் வீட்டு மிக்ஸி சத்தமும் சரியில்லை, அதைப் பற்றி நான் இன்னும் வாய் திறக்கவில்லை. பழத்தை வாங்கிக்கொண்ட உன் மருமகள், என்னை உட்காரச் சொல்லிவிட்டு, பக்கத்து அறையில் போய்ப் படுத்தவள்தான், இன்னும் எழவில்லை. சரியாகத் தூங்கிப் பல நாளாயிற்றாம், சம்பந்தி சொன்னார். அவள் தூக்கம் கலைந்துவிடக் கூடாதென்று நாங்கள் இரண்டு பேரும் மெதுவாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.